சிற்றூர்த் தீயணைப்போரின் காப்புடை

நள்ளிரவில் அபாயச் சங்கு ஊதுகிறது. கடைக்காரர் ஒருவரும், கமக்காரர் ஒருவரும், பாடசாலை ஆசிரியர் ஒருவரும், மோட்டார் வண்டி திருத்துபவர் ஒருவரும் படுக்கையை விட்டெழுந்து ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கு விரைகின்றனர். அங்கே சுவரில் வரிசையாகத் தொங்கும் தடித்த அங்கிகளை அணிந்துகொண்டு, நீர்வண்டியில் ஏறிப் புறப்படுகின்றனர். இவர்களுட் பெரும்பாலோர்க்குச் சம்பளம் இல்லை. மறுநாட் காலையில் தத்தம் தொழிலுக்கும் சென்றாக வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் ஆயிரக்கணக்கான சிற்றூர்களில் நடைபெறும் காட்சி இது. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அந்நாட்டின் தீயணைப்போருள் நூற்றுக்கு 65 பேர் இத்தகைய தொண்டர்களே.

தொண்டர் ஊதியம் கேளார்; ஆயினும் அவர் அணியும் அங்கிக்கு விலை உண்டு. எரியும் வீட்டினுள் நுழைவதற்கேற்ற மேற்சட்டையும் காற்சட்டையும் மட்டுமே, 2020களின் விலைவாசியில், ஏறத்தாழ மூவாயிரம் டொலருக்கு மேலாகும். தலைக்கவசம், கையுறை, சப்பாத்து, சுவாசக் கருவி என்பனவற்றையும் சேர்த்தால் ஒருவருக்குப் பத்தாயிரம் டொலரும் போதாது. இருபது தொண்டர் உள்ள ஓர் ஊர், அனைவருக்கும் அனைத்தையும் ஒரே முறையில் வாங்க எண்ணினால் இரண்டு இலட்சம் டொலர் தேடவேண்டும். அத்தகைய ஊர்களோ சிறு வரிப்பணத்தைக் கொண்டும், ஞாயிறு காலைகளில் பலகாரம் சமைத்து விற்றும், அதிர்ஷ்டலாபச் சீட்டு நடத்தியும் தீயணைப்பு நிலையத்தைப் பேணி வருபவை. விரலுக்குத் தக்க வீக்கம் என்பது பழமொழி. ஆயின், நெருப்பு எவருடைய விரலையும் அளந்து பார்த்து எரிவதில்லை. குறைந்த பணத்தைக் கொண்டு மனித உயிரை எவ்வாறு காப்பது என்பதே இத்தகைய நிலையங்களின் தலைவர்கள் ஆண்டுதோறும் விடைகாண வேண்டிய வினாவாகும்.

இவ்வினா புதியது அன்று. 1736ஆம் ஆண்டில் பெஞ்சமின் பிராங்கிளின் பிலடெல்பியா நகரில் ஒரு தீயணைப்புச் சங்கத்தை அமைத்தபோது, அதன் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் சொந்தச் செலவிலே தோல் வாளிகளும், பொருள்களை அள்ளி வெளியே கொணர்வதற்குத் துணிப் பைகளும் வைத்திருக்க வேண்டும் என்று விதித்தனர். தம் உடலைக் காக்க அவர்களிடம் தனியுடை எதுவும் இருக்கவில்லை. அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியில் நியூ யோர்க் நகரத்துத் தொண்டரான ஹென்றி கிராட்டகாப் என்பவர், பயணப் பெட்டிகள் செய்யும் தம் தோற்றொழில் அறிவைக் கொண்டு, பின்புறம் நீண்ட விளிம்புடைய தோற் கவசம் ஒன்றை ஆக்கினார். மேலிருந்து வழியும் நீர் கழுத்தினுள் இறங்காது தடுக்க அவ்விளிம்பு உதவியது. அவ்வடிவம் இன்றும் அமெரிக்கத் தீயணைப்போரின் தலையில் நிலைத்திருக்கிறது. எதிரே நிற்கும் இடர் யாதென அறிந்து, அதற்கேற்ற பொருளைத் தேடுவதே அறிவுடைய முறை என்பதை அத்தொண்டரின் செயல் காட்டுகிறது.

எனவே, காப்புடை வாங்கப் புகும் நிலையம் முதலில் அளக்க வேண்டியது பணத்தை அன்று. தன் பணியையே அளக்க வேண்டும். 2020ஆம் ஆண்டில் அமெரிக்கத் தீயணைப்பு நிலையங்களுக்கு வந்த அழைப்புகள் 3 கோடி 60 இலட்சத்துக்கு மேற்பட்டவை. அவற்றுள் தீ விபத்துகள் நூற்றுக்கு நான்கு அளவே. நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை நோயாளருக்கு உதவ வந்த அழைப்புகள். எஞ்சியவற்றில் வீதி விபத்துகளும், பொய்யான அபாய அறிவிப்புகளும், பிறவும் அடங்கும். ஆகவே ஒரு நிலையத்தின் தலைவர் தம் பதிவேட்டை எடுத்து, கடந்த ஐந்தாண்டுகளில் எத்தனை வீடுகள் எரிந்தன, எத்தனை புல்வெளிகள் எரிந்தன, எத்தனை வாகனங்கள் மோதின என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வேடே அவருக்கு முதல் ஆலோசகர்.

ஏனெனில், இடருக்கு இடர் உடையும் வேறுபடும். புல்லும் காடும் எரியுமிடத்தில் வேண்டுவது எளிதில் தீப்பற்றாத துணியினாலான மெல்லிய ஒற்றைச் சட்டை, இலகுவான தலைக்கவசம், தோற் கையுறை, கணுக்காலை மூடும் தோற் சப்பாத்து என்பனவே. வீட்டுத் தீக்கென அமைந்த தடித்த அங்கியை அணிந்து வெயிலில் மலைச்சரிவு ஏறுபவன், தீயினால் அன்றித் தன் உடல் வெப்பத்தாலேயே வீழக்கூடும். அமெரிக்கத் தீயணைப்போர் பணியின்போது இறப்பதற்குரிய காரணங்களுள் பல்லாண்டுகளாக முன்னிற்பது தீக்காயம் அன்று. திடீரென இதயம் நின்றுபோதலே. கடும் உழைப்பும், வெப்பமும், சுமையும் ஒன்றுசேர்ந்து இதயத்தை வருத்துகின்றன. நெடுஞ்சாலை விபத்துக்குச் செல்பவர்க்கோ, தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒளிரும் மேலங்கி ஒன்று பெருந் துணை. அதன் விலை சிறிது. ஆயின் இருளில் விரைந்துவரும் வாகனத்துக்கும் மனிதனுக்கும் இடையே அதுவே நிற்கிறது. அடிக்கடி நேரும் இடருக்கு வேண்டிய மலிவான பொருள்களை அனைவருக்கும் முதலிலே வாங்கிவிடுதல் சிக்கனத்தின் முதற் படி. அதனால் விலைமிக்க அங்கியும் வீணே தேயாது காக்கப்படும்.

இனி, வீட்டுத் தீக்குரிய அங்கியைக் கவனிக்கலாம். புறத்தே ஒரே துணியாகத் தோன்றும் அதனுள் மூன்று அடுக்குகள் உண்டு. வெளியடுக்கு தீயையும் கிழிசலையும் தாங்குவது. 1960களில் உருவான நோமெக்ஸ், கெவ்லார் போன்ற இழைகள் அதற்குப் பயன்படுகின்றன. நடு அடுக்கு, நீரை உட்புக விடாத மென்படலம். உள்ளடுக்கு, காற்றைத் தன்னுள் தேக்கி வெப்பத்தைத் தடுப்பது. நீர் புகாமல் ஏன் தடுக்க வேண்டும் என்பதை அடுக்களையில் உழைப்போர் நன்கு அறிவர். உலர்ந்த பிடிதுணியாற் பானையை இறக்கினால் கை சுடாது. அத்துணியே நனைந்திருந்தால் சூடு நொடியில் விரலை எட்டும். நனைந்த அங்கிக்குள் நிற்பவனின் நிலையும் அதுவே.

அமெரிக்காவில் 1896ஆம் ஆண்டு தோன்றிய தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் இத்தகைய அங்கிகளுக்கு நெறிகள் வகுத்துள்ளது. மூன்றடுக்கும் சேர்ந்து வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றல் 35 என்னும் அளவுக்குக் குறையலாகாது என்பது அவற்றுள் ஒன்று. அவ்வெண்ணைப் பாதியாக்கினால் வினாடிக் கணக்குக் கிடைக்கும். அறை முழுவதும் ஒருங்கே தீப்பற்றும் வேளையில் எழும் வெப்பத்தின் முன், கொப்புளம் எழும் தீக்காயம் உண்டாக ஏறத்தாழ 17½ வினாடி ஆகும் என்பதே அதன் பொருள். ஆகவே அங்கி என்பது நெருப்பினுள் வாழ்வதற்கன்று. நெருப்பினின்று வெளியேறுவதற்குச் சில வினாடிகளைத் தருவதற்கே.

அங்ஙனமாயின் மேலும் தடித்த அங்கியை வாங்குதல் நன்றல்லவா என்று கேட்கலாம். அன்று. வெளி வெப்பத்தைத் தடுக்கும் தடிப்பு, உடலின் வெப்பத்தையும் உள்ளே பூட்டிவிடுகிறது. இதனாலேயே அங்கி உடல் வெப்பத்தைச் சதுர மீற்றருக்கு 205 வாற்று அளவிலாவது வெளியேற விட வேண்டும் என்று மற்றொரு நெறியும் வகுக்கப்பட்டது. இவ்விரு எண்களையும் ஒருங்கு நோக்காது, விற்பவர் புகழும் ஓர் எண்ணை மட்டும் கேட்டு வாங்குபவர் ஏமாறுவர். வெப்ப நாட்டுச் சிற்றூர் ஒன்றுக்கு, மிக விலையுயர்ந்த தடித்த அங்கி மிகச் சிறந்த அங்கியாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவதாக அளக்க வேண்டியது உடல். காப்புடை என்பது தனித்தனிப் பொருள்களின் தொகுதியன்று. தலைமுதல் அடிவரை இடைவெளியின்றிப் பொருந்தும் ஒரே வேலி. வேலியில் ஒரு பொட்டு இருந்தால் மாடு அவ்வழியே புகும். நெடுங்காலம் அமெரிக்கத் தீயணைப்போர் நீண்ட மேற்சட்டையும், தொடைவரை உயர்ந்த றப்பர்ச் சப்பாத்தும் அணிந்து வந்தனர். இரண்டுக்கும் இடையே தொடை காப்பின்றி இருந்தது. நியூ யோர்க் நகரத் தீயணைப்புப் படை 1994ஆம் ஆண்டிலேயே, வெப்பந் தடுக்கும் காற்சட்டையோடு கூடிய முழு உடைக்கு மாறியது. அதன்பின் அப்படையினரின் கால்களில் ஏற்படும் தீக்காயங்கள் பெரிதும் குறைந்தன. எனவே, சட்டைக்கு மிக உயர்ந்த தரத்தைத் தெரிந்து பணத்தைச் செலவிட்டுவிட்டு, பழைய கையுறையோடு நிற்பது சிக்கனமாகாது. எல்லா உறுப்புகளுக்கும் ஒத்த காப்புத் தருவதே முறை. காதையும் கழுத்தையும் மூடும் பின்னற் குல்லாய் இவற்றுள் மிக மலிவானவற்றில் ஒன்று. பலரும் அதனையே மறந்துவிடுகின்றனர். உள்ளே அணியும் பனியன் செயற்கை இழையாக இருந்தால் வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தியாக இருந்தால் உருகாது. இதற்கு மேலதிகச் செலவு ஏதுமில்லை.

உடல் அளவு பொருந்துதல் அழகுக்காக அன்று. இறுகிய சட்டை உள்ளே இருக்கும் காற்றை நெரித்து வெப்பத்தைத் தோலுக்குக் கடத்தும். கையை உயர்த்தும்போது இடுப்புத் திறக்கும். தளர்ந்த சட்டை ஏணியில் தடக்கும். பெண் தொண்டர்களுக்கு ஆண்களின் அளவில் தைத்ததைக் கொடுத்து, சிறிய அளவு என்று கூறி முடித்துவிடுதல் அவர்களைக் காப்பின்றி அனுப்புவதற்கு ஒப்பாகும். வாங்குமுன் ஒவ்வொருவரையும் அளந்து, மாதிரி உடையை அணிவித்து, குனியவும், தவழவும், ஏணி ஏறவும் செய்து பார்த்தல் வேண்டும்.

உடலுக்கு உள்ளேயும் காக்க வேண்டியது ஒன்று உண்டு, அது மூச்சு. முதலாம் உலகப் போரில் நச்சுவாயுவைத் தடுக்கும் முகமூடிகளில் தென்னஞ்சிரட்டைக் கரியை நிரப்பினர். இலங்கையிலிருந்து இன்றும் ஏற்றுமதியாகும் சிரட்டைக் கரி, காற்றையும் நீரையும் வடிகட்டுவதற்கு உலகெங்கும் பயன்படுகிறது. ஆயின் எரியும் வீட்டினுள் அத்தகைய முகமூடி போதாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவைக் கரி பற்றிக்கொள்வதில்லை. குறைந்துபோன ஒட்சிசனையும் அது தர இயலாது. ஆதலின், உள்ளே செல்பவன் தனக்கு வேண்டிய காற்றைத் தானே முதுகிற் சுமந்து செல்ல வேண்டும். அச்சிலிண்டரில் அடைக்கப்படுவது தனி ஒட்சிசன் என்று சிலர் கருதுவர். அது தூய சாதாரணக் காற்றே. முப்பது நிமிடத்துக்குரியது என்று குறிக்கப்பட்ட சிலிண்டர், கடுமையாக உழைப்பவனுக்கு அத்துணை நேரம் போதாது.

காப்புப் பொருள்களுள் விலை மிக்கது இக்கருவியே. ஆயினும் இருபது பேர்க்கும் இருபது கருவி வேண்டுவதில்லை. அமெரிக்க மத்திய அரசு 1998இல் வெளியிட்ட தொழிற் பாதுகாப்பு விதி, இருவர் உள்ளே செல்லும்போது அதே காப்புடன் இருவரேனும் வெளியே ஆயத்தமாக நிற்கவேண்டும் என்கிறது. ஆகவே நான்கு கருவிகள் இன்றி எரியும் வீட்டினுள் நுழைவதைப் பற்றி எண்ணலாகாது, நான்கே தொடக்கம். கருவியைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்தலாம். முகமூடியோ ஒவ்வொருவர் முகத்துக்கும் பொருத்திச் சோதிக்கப்பட வேண்டும். தாடி வளர்த்தவரின் முகத்தில் அது இறுகப் பொருந்தாது. அவர் தாடியை மழிக்க வேண்டும். அன்றேல் வெளியே நின்று பணிபுரிய வேண்டும்.

மூன்றாவதாக அளக்க வேண்டியது காலம். அங்கி பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தாலும் மூப்படைகிறது. வெயில் அதன் இழைகளை நலிவிக்கிறது. மடிப்புகளில் நடுப்படலம் வெடிக்கிறது. வெளியே பார்க்கும் கண்ணுக்கு அது தெரிவதில்லை. முற்கூறிய சங்கத்தின் 1851 என்னும் எண்ணுடைய நெறி, வீட்டுத் தீக்குரிய அங்கியை, அது செய்யப்பட்ட நாளிலிருந்து பத்தாண்டுக்குள் விலக்கிவிட வேண்டும் என்று வரையறுத்தது. காபன் இழை சுற்றிய காற்றுச் சிலிண்டருக்கு ஆயுள் பதினைந்து ஆண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனையும் உண்டு.

பெரிய நகரங்கள் கழிக்கும் உடைகளைச் சிற்றூர்கள் நன்கொடையாகப் பெறுதல் வழக்கம். டெக்சாஸ் மாநிலத்தின் வனத் திணைக்களம் அத்தகைய பொருள்களைச் சேகரித்துச் சிற்றூர்த் தொண்டர்களுக்கு வழங்கி வருகிறது. இது நல்ல உதவியே. ஆயினும், தானமாக வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்னும் பழமொழி இங்கே பொருந்தாது. கட்டாயம் பார்க்கவே வேண்டும். அங்கியின் உள்ளே தைத்திருக்கும் சீட்டில் செய்த ஆண்டைக் காணலாம். சீட்டு இல்லாத அங்கியை ஏற்கலாகாது. ஒன்பதாண்டு ஆன அங்கி இலவசமாக வந்தாலும், அஃது ஓராண்டுக்குரிய பொருளே. உள்ளடுக்கைக் கழற்றி ஒளியிற் பிடித்துப் பார்த்தால், அடுக்கு மெலிந்த இடங்களும் கிழிசல்களும் வெளிப்படும். காலம் கடந்த உடைகளை நெருப்பில்லாத பயிற்சிகளுக்கென அடையாளமிட்டு ஒதுக்கி வைக்கலாம்.

காலக் கணக்கை மறந்த நிலையங்கள் வேறொரு பொறியிலும் அகப்படுகின்றன. 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமெரிக்க மத்திய அரசு தீயணைப்பு நிலையங்களுக்கு மானியம் வழங்கத் தொடங்கியது. இருபதாயிரம் பேர்க்கு மேற்படாத ஊர்கள் அம்மானியத் தொகையில் நூற்றுக்கு ஐந்தை மட்டும் தாமாகச் சேர்த்தாற் போதும். இவ்வுதவி கிட்டியதும் இருபது அங்கிகளையும் ஒரே நாளில் வாங்கி மகிழ்கின்றனர். பத்தாம் ஆண்டில் இருபதும் ஒரே நாளில் காலாவதியாகின்றன. அப்போது மானியம் கிட்டுமா என்பதை எவரும் அறியார். இதற்கு மாறாக ஆண்டுக்கு இரண்டு அங்கி என்று வரவுசெலவுத் திட்டத்தில் நிலையாக ஒதுக்கும் ஊர், ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறாயிரம் டொலரைக் கொண்டு இருபது பேரையும் என்றும் காப்புடனே வைத்திருக்கும். தென்னந்தோட்டக்காரர் முதிர்ந்த மரங்களின் இடையே ஆண்டுதோறும் கன்று நடுவது போன்ற செயல் இது.

விலையோடு பராமரிப்பும் சேர்ந்ததே உண்மையான செலவு. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், தீயணைப்புத் தொழிலை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பனவற்றின் முதற் பிரிவில் 2022ஆம் ஆண்டு சேர்த்தது. அங்கியிற் படிந்த கரியும் புகையும் வீரத்தின் அடையாளம் என்று முன்னோர் எண்ணினர். அவை நஞ்சு என்பது இன்று தெளிவு. அதனை வீட்டுக்கு எடுத்துச் சென்று குழந்தைகளின் உடையோடு துவைத்தல் பெருந் தவறு. நிலையத்திலே தனித் துவைப்பு இயந்திரம் வேண்டும். வெளுப்புத் தூள் ஆகாது. 40 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சுடுநீரும் ஆகாது. இயந்திரம் வாங்க இயலாத நிலையமும் ஒன்று செய்யலாம். தீ அணைந்தவுடன், அங்கியைக் கழற்றுமுன், சவர்க்கார நீரும் தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவலாம். 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இவ்வெளிய முறையே அங்கியில் ஒட்டிய புகைநஞ்சுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 85 பங்கை நீக்கியது எனக் கண்டது. அங்கியின் துணியிலேயே நீர் ஒட்டாதிருக்கச் சேர்க்கப்படும் புளோரீன் இரசாயனங்கள் பற்றியும் அச்சம் எழுந்துள்ளது. மாசச்சூசெற்ஸ் மாநிலம் 2024இல் இயற்றிய சட்டம், அவை சேர்க்கப்பட்ட காப்புடையின் விற்பனையை 2027 முதல் தடை செய்கிறது. எனவே வாங்குவோர் விற்பவரிடம் இது குறித்து எழுத்திற் பதில் பெறுதல் நன்று.

இவ்வளவு கணக்கிட்ட பின்னும் பணம் போதாத ஊர்கள் இருக்கும். அவற்றின் தலைவர்கள் கூற அஞ்சும் ஒரு சொல் உண்டு: “எம் படை உள்ளே செல்லாது, வெளியே நின்று நீர் பாய்ச்சும், அயல் வீடுகளைக் காக்கும், உள்ளே செல்லப் பக்கத்து ஊர்ப் படையை முதல் மணியிலேயே அழைக்கும்.” இதனைக் கோழைத்தனம் எனக் கருதுவோர் உளர். ஆயின், இம்முடிவை அமைதியான ஒரு பகற்பொழுதில் கூட்டங் கூட்டி எடுத்து ஊராருக்கும் அறிவிக்காவிட்டால், நள்ளிரவில் எரியும் வீட்டின் முன்னே அதனை எடுக்க வேண்டி வரும். உள்ளே குழந்தை இருக்கிறது என்று தாய் கதறும்போது, கிழிந்த அங்கியோடும் வெறும் மூச்சோடும் ஓர் இளைஞன் ஓடத்தான் செய்வான். அவனைத் தடுக்க அந்நேரம் எவராலும் முடியாது. தன் இயலாமையை முன்பே ஒப்புக்கொண்ட படையே பக்கத்து ஊரோடு உடன்படிக்கை செய்யும். வீடுதோறும் புகையறிந்து ஒலிக்கும் சிறு கருவியைப் பொருத்தச் சொல்லும். தீ மூளுமுன் அத்தாயையும் குழந்தையையும் வெளியே கொணரும் வழியைத் தேடும்.

பணியை அளத்தல், உடலை அளத்தல், காலத்தை அளத்தல் என்னும் மூன்றும் முடிந்த பின்பே பணப்பையை அவிழ்க்க வேண்டும். அவ்வொழுங்கில் வாங்கும் ஏழை ஊர், எண்ணாது வாங்கும் செல்வ ஊரினும் தன் மக்களை நன்கு காக்கும். பிலடெல்பியாவில் 1736இல் ஒவ்வொருவரும் தம் வீட்டில் தோல் வாளிகளை வைத்திருந்தனர். இன்றைய சிற்றூர் நிலையத்திலும் அங்கியைக் கழுவுவதற்கு ஒரு வாளி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் விலை சில டொலரே. அதனை நாள்தோறும் நிரப்பி வைக்க வேண்டியது தொண்டரின் கடமை.